மரகதபூஷணியும் மீன் ஏலமும்

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டு, ஆவணி ஒன்றாம் தேதி, அதிகாலை ஐந்து மணிக்கு நான் நாவலாசிரியன் ஆனேன்.

கொல்லம் ஆண்டுப் பிறப்பன்று எடுத்த தீர்மானம். மேசையைத் துடைத்தாயிற்று. புது நிப்பு போட்டாயிற்று. மைக்கூட்டை நிரப்பியாயிற்று. வெள்ளைத்தாள் ஒரு கட்டு. எல்லாம் தயார். நாவல் ஒன்றுதான் பாக்கி.

என் பெயர் ஞானம். ("பேருலயாவது இருக்கட்டும்" என்று என் மாமனார் கல்யாணத்தன்றே சொன்னார்.) தக்கலையில் ஆதாரம் எழுதுவது என் தொழில். நிலம் விற்பவர், வாங்குபவர், அண்ணன் தம்பி பாகம் பிரிப்பவர் எல்லாரும் பத்திரம் எழுத என்னிடம்தான் வருவார்கள். கையெழுத்து முத்து. வாசகம் கோட்டை. பதினாறு வருஷத்தில் நான் எழுதிய ஆதாரம் ஒன்றுகூடக் கோர்ட்டில் தோற்றதில்லை. ரகசியம் என்னவென்றால், நான் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. ஆதாரம் என்பது ஆரம்பத்திலிருந்து கையொப்பம் வரை ஒரே வாக்கியம். நடுவே புள்ளி வைத்து இடம் விட்டால் அந்த இடைவெளியில் எவனாவது ஒரு தென்னையை நட்டுவிடுவான்.

இத்தனை காலம் ஆதாரம் எழுதியாயிற்று, இனி ஆதாரமே இல்லாமல் எழுதிப் பார்ப்போமே என்றுதான் நாவலில் இறங்கினேன்.

எழுத்தாளனுக்குப் பழக்கம்தான் முக்கியம் என்பது என் கட்சி. திறமை பின்னால் வரும். முதலில் பழக்கத்தைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். ஆகவே கிழக்குப் பார்த்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஆடு நின்று என்னையே பார்த்தது. ஒரு சக எழுத்தாளனைப் பார்க்கிற பார்வை. தெற்கே திரும்பினேன். அடுக்களைப் பக்கம், கற்பனை ஆப்பத்தின் பின்னால் போய்விட்டது. வடக்கே சுவர். மேற்கே பாயும் தலையணையும். முதல் பத்து நாள் பெரும்பாலும் மேற்குப் பார்த்தே எழுதினேன்.

என் மனைவி சத்தியபாயிடம் விஷயத்தை முறைப்படி அறிவித்திருந்தேன்.

"ஏட்டி, இனி காலையில அஞ்சு மணி முதல் ஏழு மணி வர என்னை யாரும் விளிக்கக் கூடாது."

"இப்பம் மட்டும் யாரு விளிக்கா? ஏழரை வர ஒறங்கதுதானே வழக்கம்."

"நான் நாவல் எழுதப் போறேன்."

"அப்பிடியா! கொல உண்டா?"

"இல்ல."

"களவு?"

"சீ."

"பொண்ணு ஆராவது வீட்ட விட்டு ஓடிப்போவாளா?"

"இது உயர்ந்த நாவலாக்கும். ஆரும் எங்கயும் ஓட மாட்டா."

"அப்ப வாசிக்கவன்தான் ஓடணும்" என்றாள்.

இங்கே எங்கள் வாசிப்பு ருசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சத்தியபாய் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நல்ல வாசிப்புக்காரி. ஆனால் அவளுக்கு வேண்டியது முதல் பக்கத்தில் கொலை, கடைசிப் பக்கத்தில் கல்யாணம். வாசிக்கும் இடம் அடுக்களை. ஒரு கையில் அகப்பை, மறு கையில் புத்தகம். துப்பறிகிறவன் கொலைகாரனை நெருங்கும் நாளில் மீன்கறி அடிபிடிக்கும். குழம்பின் ருசியை வைத்தே கதை எத்தனையாவது அத்தியாயத்தில் இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன்.

நானோ, ஒரு வாக்கியத்தை மூன்று தடவை வாசித்தும் விளங்காவிட்டால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன். முதல் தடவையிலேயே விளங்குவது சந்தை விளம்பரம். நாலாம் தடவையும் விளங்காததுதான் இலக்கியம்.

அந்தக் கொள்கைப்படி ஐப்பசி முடிவதற்குள் நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். தலைப்பு, 'மரகதபூஷணி அல்லது மனவெழுச்சியின் மாண்பு'. ஜமீன்தார் மகள் மரகதபூஷணி அரண்மனை உப்பரிகையில் நின்று சூரியோதயம் பார்க்கிறாள். முதல் வாக்கியம் ஒன்றேமுக்கால் பக்கம். ஒரு சனிக்கிழமை சத்தியபாயை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். சூரியன் பாதி ஏறியதுமே அவள் கொட்டாவி விட்டாள்.

"இந்தப் பொண்ணுக்க வீட்டுல ஆரு செத்தா?"

"ஆரும் சாகல்ல."

"பின்னே எதுக்கு இந்த அழுக அழுகா?"

"சூரியன் உதிச்சதுக்கு."

"சூரியன் தெனமும்லா உதிக்கும். சவத்துக்குப் பொறந்தவளுக்கு வேற சோலி இல்லியா?"

மேலே வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தால் சத்தியபாய் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். மனவெழுச்சி இருந்த இடத்தில் லேசான குறட்டை.

எனக்கு வந்த கோபம்! பிறகு நிதானமாக யோசித்தேன். குறை நாவலில் இருக்க முடியாது. எழுதியவன் புருஷன் என்பதுதான் குறை. ஒரே பாயில் கிடக்கிறவனை எந்தப் பெண் மேதை என்று நம்புவாள்? இதே கதையை முகம் தெரியாத ஒருவர் எழுதியதாக அவள் கையில் கொடுத்தால் கண்ணீர் விட்டு வாசிப்பாள். வாசித்துப் புகழட்டும். "எழுதினது ஆருன்னு தெரியுமா?" என்று அப்போது கேட்க வேண்டும். இதுதான் என் திட்டம்.

திட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அடுத்த வீட்டில் ஏசுஅடிமை வாத்தியார். என் நாவலை முழுதாகக் கேட்ட ஒரே மனிதர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"வேய், எனக்க கையெழுத்து அவளுக்குத் தெரியும். உம்ம கையெழுத்து தெரியாது. இந்த நாப்பது பக்கத்தையும் நீரு உம்ம கையால பகர்த்தி எழுதித் தாரும்" என்றேன்.

"நாப்பதா?"

"உலகத்துல பெரிய காரியம் ஒண்ணு நடக்கும்போது பக்கத்தை எண்ணப்பிடாது வேய்."

நல்ல மனுஷன். எட்டு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்து எழுதினார். ஒன்பதாம் நாள் அவர் மனைவி கிரேசி அந்தக் கட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் பத்திரிகையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். "நெய்யூர் ஆஸ்பத்திரியில எனக்க தங்கச்சி நர்சாட்டு இருக்கால்லா. அங்க ஒரு தீனக்காரி படுக்கையில கெடந்து எழுதின கதையாம். வாசிச்சுப் பாருங்க அக்கா" என்று நான் சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தாள். பிறகு இருவரும் அடுக்களைக்குள் போனார்கள். கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் எதற்குத்தான் சிரிப்பதில்லை!

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கருப்பட்டிக் காப்பியைக் குடித்தபடி, ஏதோ ஞாபகம் வந்தவன்போலக் கேட்டேன்.

"அந்தத் தீனக்காரிக்க கதை எப்படி இருக்கு?"

"யப்பா! கையை விட்டுக் கீழ வைக்க முடியல்ல."

என் நெஞ்சு சட்டைப் பொத்தானை முட்டியது.

"கதை என்னவாம்?"

"மரகதம்னு ஒருத்தி. குளச்சல் கடப்பொறத்துல மீன் ஏலம் விடுதவ."

காப்பி மூக்கில் ஏறியது. "ஏலமா? அவ அரமனையில இல்லியா?"

"அரமனையில ஆரு சாளைக்கு வெல சொல்லுவா? அவளுக்க ஞானஸ்நானப் பேரு இசபெல். வீட்டுல விளிக்கது மரகதம். நல்ல தொண்டை. அவ சத்தம் போட்டா கட்டுமரம் தானா கர திரும்புமாம். புருஷன் சூசை பிழைப்புக்கு இலங்கைக்குப் போயி ஆறு வருஷம். ஒரு காயிதம் இல்ல. ஒருநாள் திடீர்னு வந்து எறங்குகான், ஆளு மெலிஞ்சு, மொகம் நெறைய தாடி வச்சு, ஒரு தகரப்பெட்டியோட. பெட்டியை ஆரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டான்."

"பெட்டியில என்ன?"

"சோறு கொதிக்கு. நாளைக்குச் சொல்லுகேன்."

நேரே வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். "வேய், என்ன எழுதி வச்சீரு? தகரப்பெட்டி எங்கேருந்து வந்துது?"

"எந்தப் பெட்டி? வேதப் புஸ்தகத்து மேல சத்தியம். ஒரு கால், ஒரு கொம்பு மாத்தல்ல ஓய்" என்று வீங்கின விரலைக் காட்டினார்.

திரும்பி வருகிற அந்த இருபது அடி தூரத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பாவம், சத்தியபாய்! அவளுக்கு என் நாவல் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். அதனால் தானே ஒரு கதையைக் கட்டி, வாசித்ததாகச் சொல்கிறாள். உயர்ந்த இலக்கியத்தின் முன் எளிய மனசு படும் பாடு! அவள்மேல் எனக்கு இரக்கம் வந்தது.

இரக்கம் வந்தது சரி. பெட்டியில் என்ன இருந்தது என்கிற நினைப்பு போகவில்லையே. மறுநாள் ஆறுமுகநேரிக்காரர் ஒருவருக்கு எழுதிய ஆதாரத்தில் 'மேற்படி பெட்டி' என்று எழுதிவிட்டேன். நல்லவேளை, கையொப்பத்துக்கு முன் கண்ணில் பட்டது.

சாயங்காலம் நேராக அடுக்களை. "பெட்டியில என்ன இருந்துது?"

"இருங்க, தேங்கா துருவணும். கைக்கு வேல இருந்தாத்தான் வாசிச்சது ஞாபகம் வரும்."

"துருவிக்கிட்டே சொல்லு."

"எனக்க கைக்கு இல்ல. உங்க கைக்கு."

துருவலகில் உட்கார்ந்தேன். ஒன்பது வருஷ தாம்பத்தியத்தில் முதல் தடவை. தேங்காய் சுற்றச் சுற்றக் கதை விரிந்தது. சூசை வந்த நாலாம் நாள், கொழும்பிலிருந்து வந்த ஒரு மாலுமி கடற்கரையில் மரகதத்தைக் கண்டு, "உன் புருஷன் என் மடியிலதானேம்மா உயிரை விட்டான்" என்கிறான். அவள் நேரே வீட்டுக்குப் போகிறாள். சூசை உட்கார்ந்து கறிச்சட்டியிலிருந்து மீன்தலையை எடுத்து உறிஞ்சுகிறான். அவளுடைய சூசை மீன்தலையைத் தொடவே மாட்டான்.

"அப்ப இவன் ஆரு?" என்றேன்.

"தேங்கா தீந்துபோச்சு. நாளைக்கு மரச்சீனி கெழங்கு உரிக்கணும். வாங்க."

அன்று படுக்கையில் என் மூளை மின்னியது. இவள் தன் பெருமையைக் காக்கச் சொல்லும் கதை. இவளுக்கு அதன் அருமை தெரியாது. இதை நான் எழுதினால் என்ன? மரகதபூஷணி உப்பரிகையிலேயே நிற்கட்டும். அவளுக்கு அங்கே காற்று நன்றாக வருகிறது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு, யாரும் எழுப்பாமலே எழுந்தேன். திசை எதுவும் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன், எழுதினேன். ஆச்சரியம் என்னவென்றால் முற்றுப்புள்ளிகள் விழுந்தன. சத்தியபாய் பேசுகிறபோது மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் தானாக ஒரு புள்ளி விழுந்தது.

பத்தொன்பது நாள். கிழங்கு உரித்தேன். சாளை செதிள் எடுத்தேன். கிணற்றிலிருந்து தண்ணீர் கோரினேன். பெட்டியைத் திறந்த அன்று அம்மி அரைத்தேன். பெட்டியில் பழைய சட்டை ஒன்றும் மரகதத்துக்கு எழுதி அனுப்பாத எழுபது கடிதங்களும் இருந்தன. எழுதச் சொன்னவன் செத்துப்போன சூசை. எழுதிக்கொடுத்து, அஞ்சலில் சேர்க்காமல் தானே வைத்துக்கொண்டவன் இந்த ஆள். எழுத்தறியாத கூட்டாளிக்காக ஆறு வருஷம் கடிதம் எழுதி எழுதி, பார்க்காத பெண்மேல் பிரியம் வைத்துவிட்டவன். அதைச் சத்தியபாய் சொன்னபோது மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் முகம் கழுவினேன். கண்ணீருக்குக் காரணம் மிளகாய் என்று சொல்லித் தப்பினேன். மரகதம் அவனை ஊர் நடுவே நிறுத்தி, மீனை ஏலம் போடுவதுபோல அவன் பொய்களை ஒவ்வொன்றாகக் கூறி, கடைசியில் அவனைத் தன் பேருக்கே ஏலம் முடித்துக்கொண்டாள். அதோடு கதை தீர்ந்தது.

"நல்ல கதை" என்றேன், சாதாரணமாகக் குரலை வைத்துக்கொண்டு.

"ஆமா, தீனக்காரி கெட்டிக்காரியாக்கும்" என்றாள்.

நான் அவசரப்படவில்லை. இரண்டு வாரம் அழகான கையெழுத்தில் பகர்த்தினேன். அங்கங்கே உயர்ந்த நடையில் சில வேலைப்பாடுகளும் சேர்த்தேன். நாகர்கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்த 'தென்கடல் மித்திரன்' மாதப் பத்திரிகைக்கு அஞ்சலில் அனுப்பினேன். கதாசிரியர்: ஞானம், தக்கலை. அன்று முதல் அஞ்சல்காரரின் மணிச்சத்தம் தெருமுனையில் கேட்டாலே எழுந்து தலை சீவிக்கொள்வேன்.

பன்னிரண்டாம் நாள் பத்திராதிபரின் கடிதம் வந்தது.

'அன்புள்ள ஐயா, தாங்கள் அனுப்பிய கதை கிடைத்தது. இதே கதை தங்கள் விலாசத்திலிருந்தே, ஸ்ரீமதி சத்தியபாய் அம்மாளால் எழுதப்பட்டுப் போன மாதமே வந்துசேர்ந்தது. அச்சுக் கோத்தும் ஆகிவிட்டது. அம்மாளின் பிரதியைச் சுத்தமாகப் பகர்த்தி அனுப்பிய தங்கள் சிரமத்துக்கு நன்றி. ஆனால் பகர்த்தும்போது தாங்கள் ஆறாம் அத்தியாயத்தில் பதினான்கு வரி நீளத்தில் ஒரு பெருமூச்சும், ஒரு சூரியோதயமும் சேர்த்திருக்கிறீர்கள். மூலத்தில் அவை இல்லை. இனிமேல் பகர்த்துகிறவர் இப்படிச் செய்யாமலிருப்பது நலம்.'

கடிதத்தோடு அடுக்களைக்குப் போனேன். சத்தியபாய் நிதானமாகப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாள்.

"அப்ப நீங்களும் அனுப்பினியளா?"

"ஏட்டி, தீனக்காரி கதைன்னு சொன்னியே!"

"தீனக்காரின்னு சொன்னது நீங்கல்லா. கிரேசி உள்ள வந்ததும் வராததுமா, 'அக்கா, உங்க வீட்டுக்காரருக்க கதைய எழுதி எனக்க மாப்பிள்ளைக்க விரலு வீங்கிப்போச்சு, எட்டு நாளாட்டுக் கஞ்சி கோரிக் குடுக்கது நானாக்கும்'ன்னுதான் கெட்டையே அவுத்தா."

"அப்பமே தெரியுமா! பின்னே ஏன் சொல்லல்ல?"

"வாசிச்சுப் புகழணும்னு நீங்க இவ்வளவு பாடுபடும்போது உறங்கிட்டேன்னு இன்னொரு மட்டம் எப்படிச் சொல்லுவேன்? அதான் எனக்க மனசுல கெடந்த கதைய எடுத்துச் சொன்னேன்."

"உனக்க மனசுல கெடந்ததா? எப்பம் முதல்?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாலஞ்சு வருஷமாட்டு. சொல்ல வந்தா, 'பொறவு சொல்லு'ன்னு பேப்பர எடுத்து மொகத்த மறச்சுக்கிடுவிய. அந்தப் பத்தொம்பது நாளும் எனக்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தியளே. நீங்க ஆபீசுக்குப் போனதும் உக்காந்து எழுதுவேன். சாயங்காலம் உங்ககிட்டச் சொல்லுவேன். இந்த மனுஷனையே தேங்கா துருவ வைக்குதுன்னா கதை மோசமில்லன்னு ஒரு தைரியம் வந்துது. முடிச்ச மறுநாளே கிரேசிக்கிட்டக் குடுத்து அனுப்பிட்டேன்."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாதாட வாய் திறந்தேன். பதினாறு வருஷ ஆதார மூளை, எந்தப் பக்கம் பார்த்தாலும் சொத்து அவள் பேரில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. "கடைசியில அந்த ஏலம் போடுத இடம்" என்றேன், "அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது."

"நெசமாட்டா?" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் நாவலை யாராவது புகழ்ந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தை மாத இதழில் கதை வந்தது. தக்கலையிலிருந்து குளச்சல் வரை பேச்சு. அடுத்த கதை எப்போது என்று கேட்டுப் பத்திராதிபர் இரண்டு தடவை எழுதிவிட்டார். மாசியில் நாகர்கோவில் வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவுக்குச் சத்தியபாயை அழைத்தார்கள். மோட்டார் பஸ்ஸில் போனோம். அவளுக்கு மேடையில் நாற்காலி, கழுத்தில் மாலை. எனக்கு முன்வரிசை, மடியில் அவள் குடை. மரகதத்தைப் பற்றி அவள் பேசினாள். ஐந்தே நிமிஷம். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை.

விழா முடிந்து பலகாரம் கொடுக்கிற நேரத்தில், தலைமை தாங்கிய வயதான வக்கீல் எங்கள் அருகே வந்தார். மரியாதையாக என் பக்கம் திரும்பி, "உங்களைக் கவனிக்காமலே இருந்துட்டேனே. நீங்களும் ஏதாவது எழுதுவீங்களோ?" என்று கேட்டார்.

இதற்காகத்தானே இத்தனை மாதம் காத்திருந்தேன்! தொண்டையைச் செருமினேன். மேல்துண்டைச் சரிசெய்தேன். இலக்கியம் பற்றி என் கொள்கையை எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒரு கணம் யோசித்தேன்.

அந்த ஒரு கணத்தில் சத்தியபாய் முந்திக்கொண்டாள்.

"நல்லா எழுதுவாவ. நான் சொல்லச் சொல்ல."